படம் ஓடினால் ஆள் இருக்கிறார்

என் அண்ணி எதையும் உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டாள். கள்ளக்குறிச்சி சந்தைக்கு அவளோடு போவதைப் போல மானக்கேடு வேறு கிடையாது. பூசணிக்காயைக் கீற்றுப் போட்டுக் காட்டச் சொல்லுவாள். முட்டையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். மீன் விற்கிற அம்மா ஒரு தடவை, "செவுளு செவப்பாத்தான கீது, இன்னும் இன்னா, அதாண்ட பேசிப் பாக்கணுமா?" என்று கேட்டே விட்டார். அண்ணிக்குக் கோபமே வராது. "கண்ணால பாத்துட்டா அப்பால ஒரு பேச்சும் வராது பாரு," என்பாள். நான் இரண்டு கடை தள்ளிப் போய், அவளை யாரென்றே தெரியாதவள் மாதிரி வெற்றிலைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

முறைக்குத்தான் அவள் எனக்கு அண்ணி. வயதில் என்னைவிடச் சின்னவள். கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையம் பக்கம் அவள் ஊர். மலையிலிருந்து இறங்கி வரும் புளியையும் கடுக்காயையும் மூட்டை மூட்டையாக வாங்கி விற்றவர் அவள் அப்பா. நடுவில் கைமாற்றி விடுகிற தரகர்கள் பலே ஆட்கள். மூட்டையின் வாயில் நல்ல புளி இருக்கும், நடுவில் கொட்டை, அடியில் மண். பாவாடை கட்டின வயதிலிருந்தே மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு அடியில் இருப்பதை வெளியே எடுத்துக் காட்டுவதுதான் அண்ணியின் வேலை. அந்தக் கை கடைசிவரை அடங்கவில்லை.

என் அண்ணனைக்கூட அப்படித்தான் கட்டிக்கொண்டாள். அண்ணன் மோட்டார், ஜெனரேட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆனது. பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டதற்கு உள்ளேயிருந்து பதில் வந்தது. "மோட்டாரு மெக்கானிக்குன்னு சொல்றாங்க. எங்க கெணத்து மோட்டாரு ஓடாம கெடக்குது. அத ஓட்டிக் காட்டச் சொல்லுங்க."

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னா பொண்ணு இது, நாம இன்னா சர்க்கஸ் காட்டவா வந்தோம்?" என்று என் காதில் சீறினாள். அண்ணன் மட்டும் சிரித்துக்கொண்டே எழுந்து, புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கழற்ற ஆரம்பித்தான். எந்த மிஷினைத் தொட்டாலும் முதலில் அப்படிச் செய்வான். அண்ணி கிணற்று மேட்டில் நின்று, தண்ணீர் வந்து விழுகிறவரை அசையாமல் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். அதுதான் சம்மதம்.

எங்கள் வீட்டுக் குணம் இதற்கு நேர் எதிர். நாங்கள் வெட்கத்திலேயே பிறந்து வெட்கத்திலேயே வளர்ந்தவர்கள். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எங்களுக்குக் குலதெய்வம். அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு வருஷம் கரும்பு மொத்தமும் காய்ந்துபோனது. அந்தப் பொங்கலுக்குத்தான் அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்துக் கதவுக்கு பெயிண்டும் அடித்தார். உள்ளே அடுப்பு எரியாவிட்டாலும் வாசலில் கோலம் பெரிதாக இருக்க வேண்டும் எங்களுக்கு. அப்படிப்பட்ட வீட்டுக்கு அந்தக் கை வந்து சேர்ந்தது.

எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில்லில் வேலை என்றார்கள். அம்மா பத்திரிகை அடிக்கக் கடை பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அண்ணி யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போய், ஷிப்டு விடும் நேரத்தில் மில் கேட்டில் நின்று, வெளியே வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை முகம் அதில் இல்லை. கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நிற்கிற இடத்தில், ஒரு வண்டியின் நிழலில் சீட்டாடிக்கொண்டிருந்தான். விசாரித்தால், மில்லுக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. கல்யாணம் நின்றது. அம்மா ஒரு வாரம் அண்ணியோடு பேசவில்லை. நானும் அழுதேன். ஆனால் அன்றைக்கு அவள் போய்ப் பார்க்காமல் இருந்திருந்தால் என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் தையல் மிஷினில் உட்கார்ந்து நினைத்துக்கொள்கிறேன்.

எனக்காக அவ்வளவு தூரம் போய்ப் பார்த்தவள் தன் விஷயத்தில் ஏமாந்துபோனாள். அதுவும் கண்ணால் பார்த்தே ஏமாந்தாள்.

அண்ணன் துபாய்க்குப் போனான். அங்கே ஒரு சோமாலியாக்காரரின் குடோனில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை. அந்த முதலாளி சர்க்கரை வியாபாரம் செய்து நன்றாக வந்தவர். சொந்த ஊரான மொகதீசுவில் சொந்தமாக ஒரு டிவி ஆரம்பித்தார். சோமாலி மொழியில் செய்திக்கென்றே ஒரு சேனல். அங்கே கரண்டை நம்பி எதுவும் நடத்த முடியாதாம். "நீ வந்தாத்தான் என் டிவி ஓடும்" என்று அண்ணனைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஜெனரேட்டர் என்கிற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டு, "என் புள்ள பாரின் டிவில கீறான்" என்று தெருவெல்லாம் சொன்னாள்.

அண்ணன் வாங்கி அனுப்பிய பெரிய டிவியில் நெட் வழியாக அந்தச் சேனல் வந்தது. எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று வீடியோ காலில் காட்டிக் கொடுத்தான். அப்படியே போனைத் தூக்கிக்கொண்டு போய் ஜெனரேட்டரையும் காட்டினான். ஒரு மாட்டுக்கொட்டகை அளவு இருந்தது. "தொ பாரு, இத நா நிறுத்திட்டேன்னா உன் டிவில படம் பூடும்," என்றான். அண்ணி விடுவாளா? "எங்க, நிறுத்திக் காட்டு" என்றாள். அவன் பதறிப்போய், "அய்யோ, நியூஸ் ஓடிக்கினு கீது, வேலைய விட்டு தூக்கிடுவாங்க" என்றான். ஒரு நாள் அவர்களே கொஞ்ச நேரம் நிறுத்தி எண்ணெய் மாற்ற வேண்டி வந்தது. முன்கூட்டியே போன் செய்து சொன்னான். அவன் சொன்ன நேரத்துக்குப் படம் போனது, சொன்ன நேரத்துக்குத் திரும்பி வந்தது. அண்ணிக்கு அது போதும். அன்றிலிருந்து அவள் கணக்கு ஒன்றுதான். படம் ஓடினால் ஆள் இருக்கிறார்.

காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து முதல் வேலையாக டிவியைப் போடுவாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, கூட்டிப் படித்தால் ஒன்றும் விளங்காது. எக்ஸும் கியூவும் ஏகப்பட்டது இருக்கும். அண்ணி எட்டாவது வரைதான் படித்தவள். ஆனாலும் பார்த்துப் பார்த்தே பலதும் தெரிந்துகொண்டாள். செத்த மாடுகளைக் காட்டினால், "அங்கியும் மழை இல்ல போல" என்பாள். ஒட்டகச் சந்தையைக் காட்டினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்களா என்று கவனிப்பாள். முக்காடு போட்ட ஒரு பெண் செய்தி வாசிக்க வருவாள். "இன்னிக்கி இது அழுதுட்டு வந்து உக்காந்துருக்கு" என்று அண்ணி சொன்னால் எனக்கும் அப்படித்தான் தெரியும். ஒரு வார்த்தை மட்டும் அவளுக்கு எழுத்தோடு மனப்பாடம். கியூவில் ஆரம்பித்து எக்ஸில் முடியும். அந்த வார்த்தை கீழே ஓடினால் மேலே புகை வரும், ஆம்புலன்ஸ் வரும், எங்கேயோ குண்டு வெடித்திருக்கும். அப்போது கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எதிரில் வந்து நிற்பாள்.

மீசை வைத்த ஒரு வாலிபன் சாயங்காலச் செய்தி வாசிப்பான். அவன் அண்ணனுக்கு நல்ல சிநேகம். வீடியோ காலில் எங்களுக்கெல்லாம் கையாட்டியிருக்கிறான். ஒரு நாள் அந்த வார்த்தை ஓடியது. மறுநாள் டிவியில் அவன் போட்டோவை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தார்கள், பின்னால் யாரோ ஓதிக்கொண்டிருந்தார்கள். அண்ணி எழுந்து போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தாள்.

"அவன் இன்னா நம்ம பங்காளியா, தலைக்கு ஊத்திக்கினு வர?" என்றாள் அம்மா.

"தெனம் சாய்ந்தரம் நம்ம வூட்டுக்கு வந்த புள்ள அத்தே," என்றாள் அண்ணி.

அதற்குப் பிறகுதான் அண்ணன் வீடியோ காலில் வருவது நின்றது. "இங்க நெட்டு கம்மியா கீது" என்றான். பேச்சு மட்டும் வரும். லீவு கிடைக்கவில்லை என்று இரண்டு வருஷம் ஊருக்கும் வரவில்லை. பணம் மட்டும் வந்தது. வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பாள். அண்ணி பட மாட்டாள். அவளுக்குத்தான் படம் ஓடுகிறதே.

அப்புறம் அந்த ஒரு மத்தியானம். அந்த வார்த்தை ஓடியது, புகை வந்தது, கட்டடம் இவர்கள் கட்டடம் மாதிரியே இருந்தது. அடுத்த நிமிஷம் படம் நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அண்ணன் போன் போகவில்லை. அம்மா மாரில் அடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு கிழவர் போய் மாலைக்குச் சொல்லட்டுமா என்றுகூடக் கேட்டார். அண்ணி டிவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"பாக்காம நா அழமாட்டேன்," என்றாள். "யாரும் அழக்கூடாது."

பொழுது சாயும்போது வட்டம் நின்று படம் வந்தது. முக்காடு போட்ட அந்தப் பெண்தான். தோளெல்லாம் சுண்ணாம்புத் தூசி. அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே அண்ணி, "ஜெனரேட்டர் போட்டுட்டாரு!" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். அழுதுகொண்டே போய்த் தெருவுக்கெல்லாம் கேசரி கிண்டினாள்.

மறுநாள் அண்ணன் போன் செய்தான். எப்படிப் புகையில் படி இறங்கினான், எப்படிக் கையில் டார்ச்சோடு ஒயரை மாற்றினான் என்று ஒரு மணி நேரம் சொன்னான். நாங்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். தெருவும் கேட்டது.

விஷயம் பரவி ஊர் கேபிள் சேனலிலிருந்து மைக்கோடு வந்துவிட்டார்கள். அண்ணி புடவையைக்கூட மாற்றவில்லை. "அவுரு மிஷின் போட்டாத்தான் அந்த நாட்டுக்கு சேதி. நா என் கண்ணால பாத்தேன்," என்று மைக்கில் சொன்னாள். இரண்டு நாள் அதையே போட்டார்கள். மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தெரு முனையில் பிளக்ஸ் வைத்தார்கள். கூலிங்கிளாஸோடு அண்ணன், பக்கத்தில் அம்மன், கீழே 'சோமாலியா டிவி புகழ்'. அம்மா தினமும் பால் வாங்கப் போகிற சாக்கில் அதைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.

பிளக்ஸ்தான் வினையாகிப்போனது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த லாரி டிரைவர் ஆந்திரா லோடு இறக்கிவிட்டு வந்தவர், அதைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. இவுரு உளுந்தூர்பேட்ட பைபாஸ்ல ஓட்டல்ல இல்ல வேல செய்றாரு? போன மாசங்கூட பாத்தேனே, கரண்டு பூட்டா ஜெனரேட்டர் போடுவாரு."

"உன் நாக்கு அழுவிப் பூடும்டா!" என்று அம்மா கத்தினாள். தெருவில் நாலு கதவு திறந்தது. அண்ணி குடத்தைக் கீழே வைத்தாள்.

"கத்தாதீங்க அத்தே. நா போயி பாத்துட்டு வரேன்."

மறுநாள் காலை நானும் அவளும் பஸ் ஏறினோம். தியாகதுருகம் தாண்டி, எலவனாசூர்கோட்டை தாண்டி, ஒன்றரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வழியெல்லாம் நான் இருக்காது, இருக்காது என்று சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவர் சொன்ன ஓட்டலுக்கு எதிரே ஒரு இளநீர்க் கடை. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தோம். நடுவில் பெரிய ரோடு, லாரியும் பஸ்ஸுமாக ஓடிக்கொண்டே இருந்தது. ஓட்டல் வேலையாட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். அண்ணன் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அப்போதுதான் கரண்டு போனது.

உள்ளேயிருந்து லுங்கி கட்டிய ஒரு ஆள் வந்தான். எண்ணெய்க் கறை பனியன், தலையில் துண்டு. முகம் சரியாகத் தெரியவில்லை. ஜெனரேட்டரிடம் குனிந்தான். அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"அவுருதான்," என்றாள் அண்ணி.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் நிமிர்ந்தான். நேரே எங்களைப் பார்த்தான். அண்ணி எழுந்து நின்றாள். ஒரு கை லேசாகக்கூடத் தூக்கினாள். அவன் கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். பிறகு திரும்பி, ஓட்டலின் பக்கவாட்டில் நுழைந்து, பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குள் ஓடினான். நடக்கவில்லை, ஓடினான். லுங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் அண்ணன் ஓடியதை நான் பார்த்தேன்.

ரோட்டைத் தாண்டிப் போனோம். பரோட்டா மாஸ்டர் மாவைத் தட்டியபடியே எங்களைப் பார்த்தார். "அவுரா? வந்து ரெண்டு வருசம் ஆவுதும்மா. தங்கமான மனுசன். பட்டாசு சத்தம் மட்டும் ஆவாது. கல்யாண ஊர்வலம் போச்சுன்னா டேபிளுக்கு அடியில பூந்துக்குவாரு. அப்பால காப்பித் தண்ணி குடுத்து நாங்கதான் வெளிய கூப்புடணும். வெளிநாட்ல இன்னாவோ பாத்துட்டாராம். வூடு வாசல் இல்லன்னு சொல்லுவாரு. நீங்க யாரு?"

"தெரிஞ்சவங்க," என்றாள் அண்ணி.

தோப்பின் ஓரத்தில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. பேர் சொல்லியும் கூப்பிடவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் வந்து போனது, கரண்டு திரும்பியது, யாரோ மிஷினை நிறுத்தினார்கள். அவன் வரவில்லை. அவன் பயந்துகொண்டு ஓடி வந்ததில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. தலைக்கு மேலே குண்டு வெடித்தால் யார்தான் ஓட மாட்டார்கள்? ஊர் என்ன சொல்லுமோ என்று வீட்டுக்கு வராமல் ஒளிந்ததுகூட எங்கள் வீட்டு ரத்தம், புரிந்துகொள்ள முடிந்தது. கட்டின பெண்டாட்டி கையைத் தூக்கினாள், அவளைப் பார்த்து ஓடினானே. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பஸ்ஸில் வரும்போது, "அந்த மீசைக்காரப் புள்ள செத்தப்பவே வந்துருக்காரு," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டு வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தாள். லாரி டிரைவர், பக்கத்து வீட்டு அம்மா, பால்காரர், இன்னும் யார் யாரோ நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எல்லாம் முடிந்தது, இனி இந்தத் தெருவில் எப்படி நடமாடுவது என்றுதான் எனக்கு ஓடியது. அண்ணி பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பூசணிக்காய் விஷயத்தில்கூடச் சொன்னதில்லை.

"இன்னா, பாத்தியா?" என்றாள் அம்மா.

"பாத்தேன் அத்தே. அவுரு இல்ல. அவுரு மாதிரியே ஒரு ஆளு. கிட்ட போயி பாத்தேன்."

தெருவே நம்பியது. வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள். லாரி டிரைவர்கூட, "எங்கண்ணுதான் தப்பு, மன்னிச்சிக்கோங்கம்மா" என்று அம்மாவிடம் கும்பிட்டுவிட்டுப் போனார். அம்மா அழுது, சிரித்து, மூக்கைச் சிந்தி, "டிவியப் போடுடி" என்றாள். அண்ணி போட்டாள். முக்காடு போட்ட பெண் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"பாரு, ஓடுது," என்றாள் அம்மா.

"ஆமா அத்தே, ஓடுது," என்றாள் அண்ணி.

அம்மாவுக்காக அதற்குப் பிறகும் தினமும் காலையில் போட்டாள். தான் மட்டும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். அண்ணன் போன் செய்வான். அம்மாவோடு பேசுவான், என்னோடு பேசுவான். அண்ணியிடம் கொடுக்கட்டுமா என்றால் லைன் கட்டாகிவிடும். நான் ஒரு தடவை சண்டை போட்டேன். "எப்டி வருவேன்? பிளக்ஸ் வெச்சிட்டீங்களேடி," என்று அழுதான்.

மழைக்காலத்தில் அம்மா செத்துப்போனாள். மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் ஒரே பிள்ளை, கொள்ளி அவன்தான் போட வேண்டும். சமையலறைக்குள் போய்ப் போன் செய்தேன்.

"அம்மா பூட்டாங்கண்ணா. இப்பவே பஸ் ஏறு. மத்தியானத்துக்குள்ள வந்துடலாம்."

அவன் கதறினான். நெடுநேரம் கதறினான். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். "ஒடனே வந்தா ஊருல இன்னா நெனைப்பாங்க? அங்கேர்ந்து துபாய் வந்து, துபாய்ல பிளைட் மாறணும். ரெண்டு நாளாவது ஆவும். நாளன்னிக்கிக் காலைல வரேன்."

திரும்பினால் அண்ணி நிற்கிறாள். போனில் அவன் பேசியது எல்லாம் கேட்டுவிட்டாள். திட்டுவாள், போனைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஐஸ் பொட்டிக்கு சொல்லிடு," என்றாள்.

ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்த மகனுக்காக என் அம்மா இரண்டு நாள் ஐஸ் பெட்டியில் கிடந்தாள். மழைக் குளிரில் பெட்டியின் கண்ணாடியில் பனி படிந்துகொண்டே இருந்தது. அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு முகம் தெரியட்டும் என்று துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் மாலையைப் போட்டுவிட்டு அவளிடம்தான் கேட்டார்கள்.

"பாவம், எம்மாந் தூரத்துலேர்ந்து வரணும். பிளைட் ஏறிட்டாராம்மா?"

"ஏறிட்டாரு."

"துபாய் வந்துட்டாரா?"

"வந்துட்டாரு."

"எந்தப் புள்ளைக்கு வரும் இந்த மனசு!" என்று ஒரு கிழவி ஒப்பாரியிலேயே சேர்த்துப் பாடினாள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அம்மாவோடு சேர்ந்து அந்தப் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை வாடகைக் காரில் வந்து இறங்கினான். பேன்ட், சட்டை, கூலிங்கிளாஸ், தள்ளிக்கொண்டு போகிற பெட்டி. பெட்டியின் பிடியில் ஏர்போர்ட் சீட்டு ஒன்று தொங்கியது. பழைய சீட்டாக இருக்கும். கூட்டம் வழிவிட்டது. ஐஸ் பெட்டியின் மேலே விழுந்து அழுதான். அது நிஜமான அழுகை, அதில் எனக்குச் சந்தேகமில்லை. எழுந்ததும் பங்காளி ஒருவர், "எந்த பிளைட்டுப்பா?" என்று கேட்டார். அவன் ஒரு பேர் சொன்னான். அண்ணி எதிரிலேயே நின்றிருந்தாள். துடைக்கிற துணி கையில் அப்படியே இருந்தது. அவளைத் தாண்டி, எங்கேயோ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணி ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். கச்சிராயபாளையம் பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"அண்ணன்தான் வந்துட்டானே. இனிமே இங்கியே இருக்கப் போறானாம். நீங்க ஏன் அண்ணி போறீங்க?"

"பதினாறு நாளு சோறு போட்டேன், தண்ணி மொண்டு குடுத்தேன். ஒரு தபா என் மொகத்த நிமிந்து பாக்கல," என்றாள். "பயந்துக்கினு வந்துட்டேன்னு என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்த ஓட்டல்லயே எச்ச தட்டு கழுவிக்கினு அவுரு கூட இருந்திருப்பேன். அன்னிக்கி தோப்பாண்ட அதுக்குத்தான் நின்னேன்."

"நா அவன்கிட்ட பேசறேன் அண்ணி."

"இன்னான்னு பேசுவ? உன் பொண்டாட்டிய நிமிந்து பாருன்னா?"

பஸ் கிளம்பியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனாள். நான்தான் கண்ணை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் நாற்காலி போட்டு அண்ணன் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் துக்கம் கேட்க வந்த நாலைந்து பேர். குண்டு வெடித்த அன்றைக்குப் புகைக்குள் படி இறங்கி ஜெனரேட்டர் போட்ட கதையை ஆரம்பித்திருந்தான். என்னைக் கண்டதும் அவர்கள் பக்கம் கையைக் காட்டினான்.

"நம்பலன்னா தொ, எந்தங்கச்சியவே கேளுங்க. வூட்ல எல்லாரும் டிவில பாத்துக்கினுதான இருந்தாங்க."